பொத்தான் ராஜா திரும்பிய பக்கம்

பிப்ரவரி 9

டேய்,

‘அன்புள்ள தம்பிக்கு’ என்று ஆரம்பித்து அடித்திருக்கிறேன், பார். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை.

என் போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதை எடுப்பதாக இல்லை. உன் குரலைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். காகிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகம் இருக்கும் வரிசையை இடிக்கப் போகிறார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். நூலகம், அதை ஒட்டிய பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், சந்தையின் முன்பக்கம், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாச் சுவரிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கண்ணாடிக் கடை ஒரு சந்து தள்ளி இருப்பதால் தப்பித்தது.

அந்தக் குறிகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு அம்மாவின் புத்தகம்தான் ஞாபகம். ‘பொத்தான் ராஜாவின் புதையல்’. எக்ஸ்சேஞ்சில் ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில், தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அவள் முடித்த ஒரே புத்தகம். சட்டைப் பொத்தானைக் கடித்துத் துப்பும் ஒன்பது வயதுப் பையன்தான் கதாநாயகன். அது யார் என்று ஊருக்கே தெரியும். அதில் வருகிற தெருவும் படியும் சந்தையும் எல்லாம் நம் ஊரில் உள்ளவைதான். புதையல் இருப்பதாகக் கடைசி அத்தியாயத்தில் சொல்லும் இடத்தில் நிஜமாகவே ஒரு தகரப் பெட்டி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது, கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் பரிசு என்று பதிப்பகத்தார் பின்னட்டையில் போட்டார்கள்.

கோடை விடுமுறை முழுக்க ஊர்ப் பிள்ளைகள் தோண்டாத இடமில்லை. ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பிறகு பெற்றோர்கள் நம் வாசலில் வந்து கத்தினார்கள். ‘ஏமாத்துக்காரி’ என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான், அதுவும் என் அம்மாவைப் பார்த்து. அவள் சொன்னது ஒன்றே ஒன்று. “பெட்டி இருக்கு. அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்.” அதற்குப் பிறகு அவள் ஒரு வரி கதை எழுதவில்லை.

அவ்வளவையும் பார்த்து வளர்ந்த நீ, அவளை எடுத்த அன்று, உறவு சனம் மொத்தமும் உட்கார்ந்திருந்த பந்தியில், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சொன்னாய். “பெட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஊரை ஏமாத்தினா. என்னையும் சேர்த்துதான்.” செத்தவளால் பதில் சொல்ல முடியாது என்ற தைரியம். அதை நான் மன்னிக்கவில்லை.

இப்போது எனக்கு வேண்டியது ஒரு உதவி. என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைக் கரையான் தின்றுவிட்டது. உன்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. புதையல் இடம் வரும் பத்தியை மட்டும் எழுதி அனுப்பு. வீட்டுப் பிள்ளைகள் ஆட்டத்தில் சேரக்கூடாது என்று அம்மா அன்றைக்குத் தடை போட்டாள். அந்தத் தடை அவளோடு போயிற்று. அடுத்த மாதம் இருபத்தைந்தாம் தேதி இடிக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பெட்டியை எடுத்து உன் மூக்குக்கு நேரே நீட்டாவிட்டால் நான் உன் அக்கா இல்லை.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

அடித்தது நன்றாகவே தெரிந்தது.

உன் கடிதம் வந்த அன்று ஒரு லிஃப்ட் பதினான்காவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி. மேலேயிருந்து சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை இறக்கி, கதவை நெம்பித் திறந்தேன். வெளியே வந்ததும் அவர் என்னைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினார், நான்தான் நிறுத்தி வைத்தது மாதிரி. கேட்டுக்கொண்டு நின்றேன். அறைக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தால் அதே பாட்டின் இரண்டாம் பாகம்.

நீ கேட்ட பத்தி இதோ. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

“வாசகசாலைப் படிகளில் இறங்கிய பொத்தான் ராஜா ஒரு கணம் நின்றான். பிறகு தன் சோற்றுக்கைப் பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தான். ஆயிரம் பேர் பேசும் இடம் வந்தது. ஆனால் அவன் காதில் ஒரு பேச்சும் விழவில்லை. இரும்புப் படிகளில் சுற்றிச் சுற்றி மேலே ஏறினான். தலை கிறுகிறுத்தது. படிகள் முடிந்த இடத்தில் சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் மூக்கினுள் கையை விட்டான். ஆகா!”

இதில் என்ன புதிர் இருக்கிறது? நூலகத்து வாசலில் வலது பக்கம் திரும்பினால் சந்தை. அந்த இரைச்சலில் யார் பேச்சு யார் காதில் விழும்? அதைத் தாண்டினால் தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி இரும்புப் படி. தொட்டி உச்சியில் புஸ் புஸ் என்று காற்று விடும் குழாய். ஊரில் இருந்த அத்தனை பொடியன்களும் முதல் நாளே இதைக் கண்டுபிடித்து ஏறிவிட்டார்கள். ஒன்றும் இல்லை. உச்சியில் இல்லையென்றால் அடியில் என்று தோண்டினார்கள். அங்கேயும் இல்லை. இவ்வளவு சுலபமான புதிருக்கு விடை இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அம்மாவைத் திட்டியதைக் கேட்டது நீ மட்டும் இல்லை. வாசலில் திட்டியவர்கள் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகளோடு நான் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. “உங்கம்மா உன்கிட்ட சொல்லிருப்பாங்க, சொல்றா” என்று என்னைச் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் அடித்தார்கள். எனக்குத் தெரியாது என்றேன். நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “எனக்கு மட்டும் சொல்லும்மா, அடியாவது நிக்கும்” என்று கெஞ்சினேன். அவள் உதட்டில் மருந்து தடவிவிட்டாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. இருந்தால் சொல்லியிருப்பாள் இல்லையா? அடிபட்டு வந்த பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் இருக்க ஒரு அம்மாவால் முடியுமா? இல்லாததை எப்படிச் சொல்வது என்று தவித்தாள் என்றுதான் எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

தேடு. வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டிப் படி துருப்பிடித்திருக்கும், பார்த்து ஏறு.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

‘அன்புள்ள’ இன்னும் வரவில்லை. வந்தால் சேர்த்துக்கொள்கிறேன்.

உன் கையெழுத்து மாறவே இல்லை. எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்து, எழுதிய வரி மேலேயே கை பட்டு மை தேய்ந்து, படிப்பதற்குள் என் கண் பிதுங்கிவிட்டது. கண் பரிசோதனை பண்ணுகிறவளுக்கே இந்தக் கதி.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுப் போனேன். நூலகத்துப் படிகள் நடுவில் குழிந்து போயிருக்கின்றன. நாம் பந்தயம் வைத்துக் குதித்துக் குதித்து இறங்கியதில் ஒரு விரல்கடை ஆழமாவது நம்முடையதாக இருக்கும். கடைசிப் படியில் நின்று, புத்தகத்தில் சொன்ன மாதிரியே ஒரு கணம் தாமதித்து, வலது பக்கம் திரும்பினேன். சொன்னால் சிரிப்பாய், எனக்கு மார் படபடவென்று அடித்தது. பதின்மூன்று வயதில் அம்மா பேச்சைத் தட்டாமல் ஜன்னல் வழியாக மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த ஓட்டத்தை இப்போதுதான் ஓடுகிறேன் என்று தோன்றியது. ஓட்டம் என்ன, மூச்சு வாங்க நடந்தேன்.

சந்தையைத் தாண்டித் தொட்டிக்குப் போனேன். புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் கீழே ஒரே சத்தம். காய்கறிக்காரர் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். “கண்ணாடிக் கடை அம்மா தொட்டி மேல ஏறிட்டாங்க! அம்மா, எறங்குங்கம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்!” என்று கையைக் கூப்புகிறார். நான் சாகப் போகவில்லை, புதையல் எடுக்கப் போகிறேன் என்று மேலேயிருந்து கத்தினேன். அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்துவிட்டார்.

உச்சியில் அந்தக் குழாய் இருக்கிறது. தொட்டி வறண்டு போனதால் இப்போது மூச்சு விடுவதில்லை. உள்ளே கையை விட்டேன். புறாக் கூடு. இரண்டு முட்டை. அவ்வளவுதான்.

இறங்கி வந்தால் நோட்டுக் கடைக்காரர் வாசலிலேயே நிற்கிறார். அம்மா புத்தகத்தைக் கட்டுக் கட்டாக விற்றவர். அப்புறம் பெற்றோர்கள் வந்து அவர் கடையிலும் கத்தினார்கள், காசைத் திருப்பிக் கொடுத்தார். “என்னம்மா, உங்கம்மா பெட்டி கெடச்சுதா?” என்றார். வழக்கமாக அவர் கேட்டால் வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிட்டு வருவேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பூட்டிக் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “லைன்ல இருங்க, தர்றேன், தர்றேன்” என்று வயரை எடுத்துச் செருகுவாள். போர்டில் அழைப்பு விளக்கு எரியாத நேரத்தில் பென்சிலை எடுப்பாள். எழுதும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். அந்த மாதிரி ஒரு சிரிப்பை அதற்கு அப்புறம் அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஏமாற்றுகிறவள் அப்படிச் சிரிப்பாளா என்று உன்னிடம் சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தொட்டியும் பார்த்தாயிற்று. வேறு இடமே இல்லை. நீ சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? இத்தனை வருஷம் ஊர் முழுக்க வீம்பு பேசியது போகட்டும். அவளை எப்படி நினைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

நீ தொட்டி மேல் ஏறியதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கேன்டீனில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஜெயிக்க வேண்டாம். கேட்டுக்கொள். பெட்டி இருந்தது என்றே வைத்துக்கொள். எந்தப் பயலோ எடுத்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருப்பான், சைக்கிள் கொடுக்கப் பதிப்பகமே இல்லாமல் போனதே. அப்படி நினைத்துக்கொண்டு தூங்கு.

பந்தியில் நான் பேசியதற்குக் காரணம் பெட்டி இல்லை. உனக்கு அது தெரியாது, நீ அப்போது பின்கட்டில் அழுதுகொண்டிருந்தாய், நான் தட்டைத் தள்ளிய சத்தத்தில்தான் வெளியே வந்தாய். நான் தட்டில் கை வைத்ததும் பெரியப்பா எதிர் வரிசையிலிருந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். “இன்னைக்கு ஒரு நாளாவது சோத்துக்கையால சாப்பிடுடா. உங்கம்மா இதைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தா.” நாற்பது வயது தாண்டியவனை. நாலு பேர் சிரித்தார்கள். அந்த இடத்தில் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. பெரியப்பாவை அடிக்க முடியாது. அம்மாவைச் சொல்லிவிட்டேன்.

நம் வீட்டில் பெரியப்பா வந்து உட்கார்ந்தாலே அம்மா என் பக்கம் திரும்பி, “கைய மாத்துடா” என்பாள். நான் மாற்றுவேன். பாதி வாயிலும் பாதி சட்டையிலுமாகச் சாப்பிடுவேன். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். பத்து வாட்டி இல்லை, நூறு வாட்டி இது நடந்திருக்கும். என் கையைப் பார்த்தால் அவளுக்கு வெட்கம் என்று நினைத்தே வளர்ந்தேன். ஊரை ஏமாற்றியதைவிட எனக்கு அதுதான் வலி. இவ்வளவு தூரம் வந்து வேலை தேடிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே நான் எந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்று எவனும் பார்ப்பதில்லை. இடது கைதான் எனக்குச் சோற்றுக்கை. இனி யாருக்காகவும் மாற்றுவதாக இல்லை.

இவ்வளவு கோபத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் என் சட்டையில் ஒரு பொத்தான் காணாமல் போகும். “தொவைக்கிறப்போ தெறிச்சிருக்கும்” என்பாள். அவளே வேறு ஒன்று தைத்துக் கொடுப்பாள், நிறமே பொருந்தாது. வெள்ளைச் சட்டையில் பச்சைப் பொத்தான். இங்கே எல்லாரும் கேலி பண்ணுவார்கள். அந்தச் சட்டைகளை இன்னும் தூக்கிப் போட மனசு வரவில்லை. கிழிந்ததைக்கூட.

சாப்பிட்டாயா? கடையைப் பூட்டிவிட்டு வெறும் வயிற்றில் படுத்துவிடாதே.

பொத்தான்


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

வந்துவிட்டது, பார்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். நாற்காலியில் ஒரு பெரியவர், கண்ணில் சோதனைச் சட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார். “வலது கண்ணை மூடுங்க, இடது கண்ணால படிங்க” என்று சொல்லிவிட்டு, அவர் எழுத்துக் கூட்டும் நேரத்தில் உன் கடிதத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ‘இடது கைதான் எனக்குச் சோற்றுக்கை’ என்ற வரி வந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். அவர் பாவம், “அடுத்த வரியும் படிக்கணுமாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். எனக்குக் காதில் ஏறவில்லை.

டேய், பொத்தான் ராஜா யார்? நீ. நீ நூலகத்துப் படியில் இறங்கி உன் சோற்றுக்கைப் பக்கம் திரும்பினால் எந்தப் பக்கம் போவாய்?

ஊரே வலது பக்கம் ஓடியது. அம்மா இடது பக்கம் எழுதியிருக்கிறாள். அவள் புதிர் போடவில்லையடா. உன்னை மனசில் வைத்து, நீ திரும்புகிற மாதிரி எழுதிவிட்டாள். உலகத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோற்றுக்கை வேறு பக்கம் இருக்கிறது என்பதே எழுதுகிற நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு ஓடிப் போய்க் கரையான் மிச்சம் வைத்த பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாம் அத்தியாயத்தில் ராஜா சாப்பிட்டுக்கொண்டே ‘வலது கையால் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான்’ என்று இருக்கிறது. அதில் ‘வலது’ என்பதைப் பென்சிலால் அடித்து ‘இடது’ என்று திருத்தி வைத்திருக்கிறது ஒரு அதிகப்பிரசங்கி. நான்தான். அச்சுப் பிழை என்று அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, சபாஷ் வாங்கலாம் என்று நினைத்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

நம் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எல்லார் டம்ளரும் தட்டுக்கு இடது பக்கம் இருக்கும். உன் டம்ளர் மட்டும் வலது பக்கம் இருக்கும். நினைவிருக்கிறதா? பெரியப்பா வருகிற சத்தம் கேட்டால் அவசரமாக மாற்றி வைப்பாள். ‘கைய மாத்துடா’ என்றதும் அப்போது மட்டும்தான். அவர் இல்லாத நாளில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாளா? யோசித்துச் சொல். அந்த மனுஷர் அவளை என்ன பாடுபடுத்தினார் என்று உனக்குத் தெரியாது, நீ சின்னப் பிள்ளை. வெட்கமாம்! அவள் கண்ணுக்கு உன் இடது கைதான் சோற்றுக்கையாக இருந்தது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். நூலகத்துப் படியில் இறங்கி இடது பக்கம் திரும்பினால் என்ன இருக்கிறது? எக்ஸ்சேஞ்ச். ஆயிரம் பேர் பேசும் இடம், வெளியே ஒரு பேச்சும் கேட்காது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். பின்பக்கச் சந்தில் இரும்பில் சுழல் படி இருக்குமே, அதுதான். வாட்ச்மேன் முதலில் உள்ளே விடவில்லை. நான் யார் என்று சொன்னதும் கதவைத் திறந்துவிட்டார். “ஆபரேட்டர் அம்மா பொண்ணா? வருஷா வருஷம் வருவாங்களே. அந்த மேல் படியில கொஞ்ச நேரம் உக்காந்திட்டுப் போவாங்க. முட்டி வலி வந்தப்புறமும் புடிச்சு புடிச்சு ஏறுவாங்க” என்றார். அதைக் கேட்டதும் படியில் ஓடி ஏறினேன்.

படி முடியும் இடத்தில், மூலையில், சுவரில் காற்றுப் போகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. வலது கையை விட்டுப் பார்த்தேன், பக்கத்துச் சுவர் முட்டியது. முழங்கை மடங்க இடமில்லை. இடது கையை விட்டேன். நேராக உள்ளே போயிற்று. விரல் நுனியில் தகரம் பட்டது.

இருந்தது தம்பி. பவுடர் டப்பா மாதிரி நீளமான தகரப் பெட்டி. படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வாட்ச்மேன் கீழேயிருந்து என்னம்மா என்னம்மா என்கிறார், நான் அழுதுகொண்டே பெட்டியைத் திறக்கிறேன்.

உள்ளே பதிப்பகத்தின் சைக்கிள் பரிசுச் சீட்டு, மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே ஒரு நூலில் பொத்தான்கள். கோத்துக் கோத்து மாலை மாதிரி. அடியில் இருப்பது உன் ஆரம்பப் பள்ளிச் சட்டையின் பொத்தான், பல் தடம்கூட இருக்கிறது. அதற்கு மேலே பெரிய பள்ளிக்கூடத்து நீலம். கல்லூரிக்கு நீ போட்டுப் போன கட்டம் போட்ட சட்டையினுடையது, அதை எனக்கு நன்றாகத் தெரியும், அந்தத் துணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். லிஃப்ட் கம்பெனிச் சட்டையின் உலோகப் பொத்தான். இன்னும் எத்தனையோ, எண்ணவில்லை. துவைக்கும்போது தெறித்ததாம்!

எனக்கு இப்போது ஒரு நாள் ஞாபகம் வருகிறது. பெற்றோர்கள் வந்து கத்துவதற்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடு. அம்மா உன் தட்டுக்கு வலது பக்கம் டம்ளரை வைக்கப் போனவள், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல. ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றாள். குழம்பில் உப்பு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாசலில் அத்தனை பேர் நின்றபோது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘என் பிள்ளை இடது கைக்காரன், அதனால் இடது பக்கம்’ என்று சொல்லியிருந்தால் பெட்டியை எடுத்துக் காட்டிவிட்டு நிமிர்ந்து நடந்திருக்கலாம். அப்புறம் அந்தக் கூட்டம் உன்னை என்ன செய்திருக்கும்? தெரியாது என்று சொன்னதற்கே கொட்டகைக்குப் பின்னால் அடித்தவர்கள்! உன் பீச்சாங்கையால்தான் எங்கள் சைக்கிள் போச்சு என்று உன்னைத் துரத்தித் துரத்தி அடித்திருப்பார்கள். வெறும் வாயை மெல்லும் பெரியப்பாவுக்கு அவலே கிடைத்த மாதிரி ஆகியிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டாள். ஏமாத்துக்காரி என்ற பேரை வாங்கிக்கொண்டாள். நீ கெஞ்சியபோது உனக்கும் சொல்லவில்லை, சொன்னால் உன் கையை நீயே வெறுத்திருப்பாய். இப்படித்தான் எனக்குப் புரிகிறது. வேறு மாதிரி இருந்தால் நீ சொல்.

நோட்டுக் கடைக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். பாதிப் படிக்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. நான் மேலேயிருந்து பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இருந்துருக்கே” என்றார். “ஐயோ பாவி நான், இருந்துருக்கே.”

உன் மூக்குக்கு நேரே நீட்டுவேன் என்று சொன்னேன் இல்லையா? நீட்டப் போவதில்லை. இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன். அது என் கைக்கு வைத்த பெட்டி இல்லை. இருபத்தைந்தாம் தேதி இடிக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் வா. நூலகத்துப் படியில் இறங்கு. எந்தப் பக்கம் திரும்புவது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதற்குப் பதிலை எழுதியே அனுப்பு. போனில் இரண்டு பேருமே அழுதுகொண்டிருப்போம், காசுக்குக் கேடு.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வேலை நேரத்தில் வந்தது. லிஃப்ட் இயந்திர அறையில், மாடிக்கும் மேலே, யாரும் வராத இடத்தில் உட்கார்ந்து படித்தேன். கீழே மூன்று பேர் லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் வேலையில் முதல் தடவை.

நீ யோசிக்கச் சொன்னாய். யோசித்தேன். பெரியப்பா இல்லாத நாளில் அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டம்ளர் வலது பக்கம்தான் இருந்தது. எனக்கு அது இயல்பாக இருந்ததால், யாரோ வைக்கிறார்கள் என்றே தோன்றியதில்லை.

அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பந்தியில் சொன்னதைத் திருப்பி எடுக்க வழி இல்லை. அதற்காக எவ்வளவு அழுதாலும் போதாது, அதனால் உன்னிடம் சொல்லி வைக்கிறேன். நீ அவள் மாதிரி திட்டு.

லீவு கேட்டேன். அம்மா விஷயம் என்றேன். மேலாளர், “அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷமே...” என்று இழுத்தார். ஒன்று பாக்கி இருக்கிறது என்றேன். கொடுத்துவிட்டார். இருபத்திரண்டாம் தேதி காலை வந்து இறங்குகிறேன். நேரே நூலகத்துக்குப் போகிறேன், நீ கடைசிப் படியில் வந்து நில். இந்தத் தடவை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆட்டத்தில் உண்டு. பெரியப்பா அங்கே இருந்தால் அவரையும் சாப்பிடக் கூப்பிடு. என் டம்ளரை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வை.

அம்மா மாலையில் போன வருஷத்துப் பொத்தானும் இல்லை, இந்த வருஷத்துப் பொத்தானும் இல்லை. இன்று காலை கம்பெனிச் சட்டையிலிருந்து இரண்டையும் எடுத்துப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டேன். கத்தரியால் இல்லை, பல்லால்தான்.

உன் பொத்தான்